ஏற்றம் இல்லாத அகலப்பட்டை: கொல்லிமலையிலிருந்து ஒரு வாசிப்பு

1

கொள்கை அறிக்கைகளை நாம் பிரதிகளாக வாசிப்பதில்லை. ஒரு கவிதையில் விடுபட்ட சொல்லைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுத நம்மிடம் ஆட்கள் இருக்கிறார்கள். அரசாங்க வரையறை ஒன்றில் விடுபட்ட சொல்லால் யாருடைய கூலி போகிறது, யாருடைய விண்ணப்பம் நிற்கிறது என்று கேட்க ஆளில்லை. அதெல்லாம் 'டெக்னிக்கல்' விசயம், என்ஜினியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறோம். இந்தக் கட்டுரை அப்படி விடப்பட்ட ஒரு சொல்லைப் பற்றியது.

'பிராட்பேண்ட்' என்றால் என்ன என்று இந்திய அரசு 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கையில் வரையறுத்தது. சந்தாதாரருக்கு விநாடிக்குக் குறைந்தபட்சம் 256 கிலோபிட் பதிவிறக்க வேகம் தரும் திறனுள்ள இணைப்பு என்றது அது. 2013இல் இந்த எண் 512 கிலோபிட் ஆயிற்று. 2023 ஜனவரியில் 2 மெகாபிட். பத்தொன்பது ஆண்டுகளில் எண் ஏறக்குறைய எட்டு மடங்காகியிருக்கிறது. வாக்கியத்தின் அமைப்பு மட்டும் மாறவில்லை. மூன்று வரையறைகளிலும் பதிவிறக்கத்துக்கு எண் உண்டு, பதிவேற்றத்துக்குக் கிடையாது. 'திறனுள்ள' என்கிற சொல்லையும் கவனிக்க வேண்டும். இணைப்புக்குத் திறன் இருந்தால் போதும், அந்தத் திறன் வீட்டுவாசலில் இன்றைக்குக் கிடைக்கிறதா என்பது வரையறைக்கு வெளியே நிற்கிறது.

அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2024 மார்ச்சில் தன் வரையறையை மாற்றியது. இறக்கம் 100 மெகாபிட், ஏற்றம் 20 மெகாபிட். அங்கேயும் ஏற்றம் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனாலும் ஒரு எண் இருக்கிறது. எண் இருந்தால் 'இது கிடைக்கவில்லை' என்று புகார் எழுதலாம். எண்ணே இல்லாத இடத்தில் புகாருக்கு இலக்கணம் இல்லை.

ஒரு வரையறை தன் மனிதர்களையும் சேர்த்தே உருவாக்குகிறது. பதிவிறக்கத்தை மட்டும் எண்ணுகிற வரையறைக்குள் இருக்கிற மனிதர் வாங்குகிறவர், பார்க்கிறவர், கேட்கிறவர். அவர் எதையும் அனுப்புவதில்லை. அவரிடம் அனுப்புவதற்கு ஏதாவது இருக்கும் என்ற எண்ணமே அந்த வாக்கியத்தில் இல்லை. பெர்டோல்ட் பிரெக்ட் 1932இல் வானொலியைப் பற்றிப் பேசும்போது எழுப்பிய பிரச்சினை இதுதான். கேட்பவரைப் பேசவும் வைக்க வேண்டிய கருவி, வினியோகிப்பதற்கு மட்டுமான கருவியாக முடக்கப்படுகிறது என்றார் அவர். வானொலி அப்படியே முடங்கியது. இணையம் அப்படியில்லை, அது இருவழிப்பாதை என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டது.

2

இனி மலைக்குப் போவோம். நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மேலே சுமார் 40 ஆயிரம் பேர், பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊராட்சிகளின் பெயரிலேயே 'நாடு' இருக்கிறது. நாடு என்பது பழைய நிர்வாக அலகு, உறவுமுறையும் நிலமும் கோவிலும் சேர்ந்த அலகு. ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் மேட்டிலும் பள்ளத்திலும் சிதறிக்கிடக்கிற சிற்றூர்கள். மொத்தமாக இருநூறுக்கு மேல். ஒரு சிற்றூரிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு பள்ளம் இறங்கி ஒரு மேடு ஏற வேண்டியிருக்கும். ஏற்றம், இறக்கம் என்பவை இங்கே முழங்காலுக்குத் தெரிந்த சொற்கள்.

சோளக்காடு சந்தையில் மிளகு வாங்க வந்த ஒருவரிடம் நான் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "டவரு நிக்குதுங்க, கோடும் காட்டுது. படம் பாக்கலாம். ஒரு போட்டோ அனுப்பிப் பாருங்க, சுத்திக்கிட்டே கெடக்கும். நாம அனுப்புறது மட்டும் போகாதுங்க." அவர் சொன்னதில் துல்லியமான பௌதிகம் இருக்கிறது. செல்பேசிக் கோபுரம் பத்து வாட், நாற்பது வாட் என்று சக்தியோடு பேசுகிறது. கையிலிருக்கிற போன் கால் வாட்டுக்கும் குறைவான சக்தியில்தான் பதில் சொல்லியாக வேண்டும். கோபுரம் கத்துகிறது, போன் முணுமுணுக்கிறது. சமவெளியில் கோபுரங்கள் நெருக்கமாக இருப்பதால் முணுமுணுப்பும் கேட்டுவிடும். இடையில் ஒரு மலைமுகடு வந்தால், கோபுரத்தின் கத்தல் சிதறியாவது வந்துசேரும். போனின் முணுமுணுப்பு போய்ச்சேராது. திரையில் தெரிகிற சிக்னல் கோடுகள் கோபுரம் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதைக் காட்டுகின்றன. நம் குரல் அங்கே எட்டுகிறதா என்பதை அவை காட்டுவதில்லை.

ஆக, மலையில் முதலில் சாவது ஏற்றம். வரையறையில் எண்ணே இல்லாததும் அதுதான். இரண்டும் ஒன்றாக அமைந்தது யாருடைய சதியும் இல்லை. சமவெளியிலிருந்து, அதிலும் நகரத்திலிருந்து யோசிக்கப்பட்ட ஒரு தொழில்நுட்பமும் ஒரு கொள்கையும் தம்மை அறியாமலே ஒரே குருட்டுத்தனத்தைப் பகிர்ந்துகொள்கின்றன.

3

மலைக்காரர்கள் எதை அனுப்பப் போகிறார்கள் என்று கேட்கலாம். யூடியூப் பார்க்க இறக்கம் போதுமே!

அனுப்பச் சொல்வது அரசாங்கம். நூறுநாள் வேலையை எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதம் மத்திய அரசு ஒரு வருகைப்பதிவுச் செயலியை அறிமுகப்படுத்தியது. 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயம் என்றது. பணித்தளப் பொறுப்பாளர் ஒரு நாளைக்கு இருமுறை வேலையாட்களை நிறுத்திப் படமெடுக்க வேண்டும். இடம், நேரம் பதிந்த அந்தப் படம் மேலே போய்ச்சேர வேண்டும். ஏறினால் வருகை உண்டு. ஏறாவிட்டால் மண் வெட்டியது வெட்டாததாகிவிடும். வேலை நடந்ததற்கான சாட்சியாக வெட்டிய குழியை அரசு ஏற்றுக்கொள்வதில்லை. ஏற்றப்பட்ட படம்தான் சாட்சி.

ரேசன் கடையில் விரல்ரேகை. ரேகை மேலே போய் 'சரி' என்கிற பதில் கீழே வந்தால் அரிசி. அடுத்து சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கான போராட்டங்களின் கதையைத் தனியே எழுத வேண்டும். அதன் வாசல் இன்று இ-சேவை. விண்ணப்பம், அப்பாவின் சான்று, சித்தப்பாவின் சான்று, பள்ளிச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றியாக வேண்டும். ஒரு பிள்ளை தான் பழங்குடி என்று நிரூபிக்க வேண்டிய பாரம் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் இப்போது மெகாபைட் பாரம்.

2021இல் ராசிபுரம் பக்கத்து மலையடிவாரத்தில் பள்ளிப்பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்காக ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்திருந்த படம் பத்திரிகைகளில் வந்தது. நாமெல்லாம் பார்த்து உச்சுக்கொட்டினோம். அந்தப் படத்தை இரக்கத்தின் பிரதியாக மட்டுமே வாசித்தோம். அரசு தன் கடமையை வலைக்குள் மாற்றிவிட்டு, வலைக்கு வருவதை மட்டும் மக்களின் பொறுப்பாக விட்டுவிட்டது என்பதற்கான ஆவணம் அது. மிஷல் ஃபூக்கோ பேசிய கண்காணிப்புக் கோபுரத்தில் கோபுரம் கைதியைத் தேடிப் பார்க்கும். இங்கே பார்க்கப்படுவதற்காகக் குடிமக்கள் சொந்தச் செலவில் மேடு தேடி நடக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் செலவையும் சொல்லிவிடுகிறேன். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு உலகத்திலேயே இந்தியாவில்தான் டேட்டா மலிவு என்ற கதையாடல் ஓயாமல் சொல்லப்படுகிறது. ஜிபி கணக்கில் இங்கே டேட்டா மிகவும் மலிவு என்பது உண்மைதான். ஆனால் ஏழை ஜிபி வாங்குவதில்லை, ரீசார்ஜ் வாங்குகிறார். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் திட்டம் 239லிருந்து 299 ரூபாய் ஆனது. அந்த 2024-25ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் நூறுநாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். ஒரு போனுக்கு ஒரு நாள் உழைப்பு. தினம் ஒன்றரை ஜிபி என்று தலையில் அளந்து கொட்டுகிறார்கள். பள்ளத்தில் இருப்பவர் அதில் பாதியைக்கூடத் தொட முடியாது, இருந்தும் முழு விலை. கிடைக்காத வேகத்துக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்குகிற ஒரே சரக்கு இதுவாகத்தான் இருக்கும்.

4

இதற்கெல்லாம் தீர்வு வந்துகொண்டிருக்கிறது என்பார்கள். கண்ணாடியிழை கேபிள்.

2011 அக்டோபரில் தேசிய கண்ணாடியிழை வலையமைப்புத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைப்பது இலக்கு. 2015இல் அதற்குப் பாரத்நெட் என்று பெயர். 2023 ஆகஸ்டில் சுமார் 1 லட்சத்து 39 ஆயிரம் கோடி ரூபாயில் திருத்திய திட்டம். பணம் எங்கிருந்து வருகிறது? தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் வருவாயில் ஐந்து சதம், 2002 முதல் கிராமப்புறச் சேவைக்கான நிதியத்துக்குப் போகிறது. அதாவது நாம் ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கொஞ்சம் இதில் இருக்கிறது. ஆகவே இது யாரும் போடுகிற பிச்சையில்லை.

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கான பணி டான்ஃபிநெட் என்கிற மாநில அரசு நிறுவனத்திடம் வந்தது. டெண்டர் நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன என்று 2020 ஜூனில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. மறுபடி டெண்டர், பிறகு 2022 ஜூனில் பணி தொடக்கம். கேபிளில் பெரும்பகுதி ஈ.பி. கம்பங்களின் மேல்தான் போகிறது. மலையில் கம்பம் போகிற வழியெல்லாம் மரம் உண்டு. காற்றும் மழையும் அடிக்கிற ஐப்பசியில் மரம் விழுந்தால் கரண்டும் போகும், கேபிளும் போகும். கேபிளை ஒருமுறை கட்டிவிடலாம். அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் யார் வந்து ஒட்டுவது என்பதில்தான் மலையின் இணையம் இருக்கிறது.

என் அக்கறை வேறொரு சொல்லிலும் இருக்கிறது. பாரத்நெட் அறிக்கைகளில் 'சேவைக்குத் தயார்' என்றொரு பிரிவு வரும். நாட்டில் 2 லட்சத்து 14 ஆயிரம் ஊராட்சிகள் அப்படித் தயாராக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தயார் என்றால்? ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பெட்டி மாட்டி, விளக்கு எரிவதைப் பார்த்தாகிவிட்டது. கொல்லிமலைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 14 ஊராட்சி அலுவலகத்தில் 14 பெட்டி மாட்டினால் அறிக்கையில் நூறு சதம். இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் அந்த நூறு சதத்துக்குள் காணாமல் போகும். எண்ணுகிற அலகு மையத்தின் அலகு என்பதால் விளிம்பு எண்ணிக்கைக்கே வருவதில்லை. பெட்டிக்கும் வீட்டுக்கும் இடையில் மிச்சமிருப்பதைக் 'கடைசி மைல்' என்கிறார்கள். யாருக்குக் கடைசி? தேவனூர் நாட்டில் ஒரு பள்ளத்துக்குள் இருக்கிற வீட்டுக்கு அதுதான் முதல் மைல். அங்கிருந்து புறப்படுகிற எந்தச் செய்தியும் முதலில் கடக்க வேண்டிய தூரம் அது. கடைசி என்று பெயரிட்டதால் அது கடைசியாகக் கவனிக்கப்படுகிறது.

5

நம் தோழர்களில் ஒரு சாரார் வேறு மாதிரி சொல்வார்கள். மலைக்கு எதுக்குங்க இண்டர்நெட், அது முதலாளியத்தின் வலை, பழங்குடிகளை அவர்கள்பாட்டில் விடுங்கள் என்று. இதை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். கொல்லிமலையின் முதல் அகலப்பட்டை அந்த எழுபது வளைவுச் சாலைதான். சாலை வந்து ஆஸ்பத்திரி அருகில் வந்தது உண்மை. அதே சாலை வழியாகக் கீழே இறங்கிப் போனது குச்சிக்கிழங்கு. சேலம், நாமக்கல் சேகோ ஆலைகளின் பசிக்குச் சாமையும் தினையும் விளைந்த காடுகள் கிழங்குக் காடுகளாயின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே சிறுதானியங்களைக் காப்பாற்றப் பாடுபட்டது இந்தச் சரிவுக்கு எதிராகத்தான். சாலையில் சரக்கு இறங்கியது. விலையைச் சொல்கிற அதிகாரம் மட்டும் மேலே ஏறவில்லை, அது ராசிபுரத்திலும் சேலத்திலும் இருந்தது. இணைப்பு என்பது இயல்பிலேயே நல்லது என்று சொல்கிறவர்கள் இந்தக் கிழங்குக் காட்டைப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதிலிருந்து வருகிற முடிவு சாலையே வேண்டாம் என்பதில்லை. பள்ளத்துப் பிள்ளைக்கு வலை வேண்டாம் என்று நகரத்தில் வைஃபையில் உட்கார்ந்துகொண்டு எழுதுவதில் ஒரு அசிங்கம் இருக்கிறது. மேலும், வலை வேண்டாம் என்று சொல்கிற சலுகை அந்த மக்களுக்கு இப்போது இல்லை. கூலியும் அரிசியும் சான்றிதழும் வலைக்குள் போய்விட்டன. 2019 செப்டம்பரில் ஃபஹீமா ஷிரின் வழக்கில் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. ஒரு மாணவி விடுதியில் போன் வைத்துக்கொள்வது பற்றிய வழக்கு அது. உரிமை என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி, அது எந்தப் பக்கம் ஓடுகிற உரிமை என்பது.

ஏற்றத்தை மையமாக வைத்து யோசித்த முயற்சிகள் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கின்றன. 2001 வாக்கில் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்தில் கிராமக் கியோஸ்குகள் திறந்தார்கள். மனுக்களைக் கிராமத்திலிருந்தே தாலுகா ஆபீசுக்கு அனுப்பலாம் என்பது அதில் ஒரு பயன். சில ஆண்டுகளில் பல கியோஸ்குகள் மூடப்பட்டன. கியோஸ்கு நடத்தியவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மனு ஏறினாலும் அதைப் படிக்க மறுமுனையில் அதிகாரி இல்லாவிட்டால் கம்பி மட்டும் என்ன செய்யும்? தேனி மாவட்டத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை 2000களின் நடுவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நீண்டதூர வைஃபையில் கிராமக் கண் மையங்களை இணைத்தது. கிராமத்து நோயாளியின் கண் படமும் குரலும் மேலே போயின, மருத்துவர் பார்த்துப் பதில் சொன்னார். வேகம் சில மெகாபிட்தான். அது நிலைத்ததற்குக் காரணம் மறுமுனையில் பதில் சொல்ல ஆள் இருந்தது என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் கம்பெனிகள் வராததால் விவசாயிகளே 2011இல் ஒரு சமூக நிறுவனம் தொடங்கினார்கள். தங்கள் வயல் வழியே இலவசமாக இடம் விட்டு, தாங்களே பள்ளம் தோண்டிக் கேபிள் பதித்தார்கள். அவர்கள் தருகிற இணைப்பில் ஏற்றமும் இறக்கமும் ஒன்று, இரண்டும் ஒரு கிகாபிட். கண்ணாடியிழைக்குள் ஒளி எந்தப் பக்கமும் ஒரே வேகத்தில்தான் போகும். பாரத்நெட்டில் பயன்படுகிற ஜிபான் தரத்தில் இறக்கம் இரண்டரை கிகாபிட், ஏற்றம் அதில் பாதி. அந்தப் பாதி, கண்ணாடியின் குணத்தால் வந்ததில்லை. தரத்தை வகுத்தவர்கள் ஊகித்த மனிதரால் வந்தது. அந்தப் பாதியே கொல்லிமலை வீடுகளுக்கு முழுதாக வந்துசேர்ந்தால் தாராளம். பெட்டியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள்தான் அது கரைகிறது.

6

என்ன கேட்கலாம்? நான் யோசித்தவரை சொல்கிறேன், விவாதிக்க வேண்டும்.

ஒன்று: வரையறையில் ஏற்றத்துக்கு எண். குடிமக்கள் எதையெல்லாம் ஏற்ற வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்துகிறதோ, அதற்குப் போதுமான ஏற்ற வேகம் இல்லாத இடத்தில் அந்தக் கட்டாயம் செல்லாது என்று சொல்ல வேண்டும். சிக்னல் இல்லாததால் ஒரு நாள் கூலியும் குறையக் கூடாது.

இரண்டு: எண்ணுகிற அலகு சிற்றூராக இருக்க வேண்டும். 14 பெட்டிக்குப் பதிலாக இருநூற்றுச் சொச்சம் ஊர்களின் பட்டியல், ஒவ்வொன்றிலும் அளந்த இறக்கம், ஏற்றம், மாதத்தில் எத்தனை நாள் அறுந்துகிடந்தது என்கிற கணக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராமசபை கூடுகிறது. வரவுசெலவு வாசிப்பதுபோல இந்தக் கணக்கையும் அங்கே வாசிக்கச் சொல்லலாம். அளப்பதற்கு ஒரு போன் போதும், பத்தாவது படிக்கிற பிள்ளைகளே அளந்துவிடுவார்கள்.

மூன்று: நிலம், காடு பற்றிய முடிவு. தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் கொல்லிமலைக்குக் கிடையாது. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம் உண்டு. அதன் 3(2) பிரிவு, பள்ளி, ரேசன் கடை, சாலை ஆகியவற்றோடு மின்சார, தொலைத்தொடர்புக் கம்பிகளையும் பட்டியலிடுகிறது. கிராமசபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தை இதற்கு ஒதுக்கலாம். 'வனத்துறை விடாது' என்று சொல்லிக் கேபிள் நிற்கிற இடத்தில் இந்தப் பிரிவை நினைவூட்ட வேண்டும். அதைவிட முக்கியம், கம்பி எங்கே போக வேண்டும் என்று முதலில் வாய் திறக்கிற உரிமையைச் சட்டம் கிராமசபைக்குத் தருகிறது. அந்த உரிமையை நாம் பட்டாவோடு சுருக்கிவிட்டோம்.

நான்கு: பெட்டிக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரத்தை யார் நடத்துவது? மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத் நினைவிருக்கும். சின்னக் கடை, ஒரு ஆள், அவருக்குக் கமிசன். 2020 டிசம்பரில் மத்திய அரசு அதே பாணியில் பொது வைஃபைத் திட்டம் அறிவித்தது. டீக்கடைகூட உரிமம் இல்லாமல் இணையம் விற்கலாம். விற்பதற்கு வாங்குகிற மொத்த இணைப்பின் விலை கட்டுப்படியாகவில்லை என்பதால் அது தேங்கியது. 2025 ஜூனில்தான் டிராய், வீட்டு இணைப்புக் கட்டணத்தின் இரண்டு மடங்குக்கு மேல் இவர்களிடம் வாங்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. கொல்லிமலையில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மிளகையும் சாமையையும் விற்றுக் கணக்கு வைத்துப் பழகியவை. ஒரு சிற்றூரின் வைஃபையை நடத்தவும், மரம் விழுந்து அறுந்த கேபிளை ஒட்டவும் அவர்களுக்குக் கற்றுத்தருவது நடக்காத காரியமில்லை. நிதியம் அந்தக் கூலியைத் தர வேண்டும். கேபிள் போட ஆயிரம் கோடிகள், பராமரிக்கிற உள்ளூர் ஆளுக்கு ஒன்றுமில்லை என்பதுதான் இன்றைய கட்டமைப்பு.

இவையெல்லாம் வெறும் நிர்வாகக் கோரிக்கைகள், இதில் அரசியல் எங்கே என்று சிலர் கேட்கக்கூடும். மேலிருந்து கீழே வருவதை மட்டும் வேகம் என்று எண்ணுகிற ஒரு அமைப்பில், கீழிருந்து மேலே போவதற்கு ஒரு எண் கேட்பது அரசியல்தான். வாழவந்தி நாட்டிலிருந்து ஒரு பெண் தன் வருகையை, தன் மனுவை, தன் ஊர்க் காட்டின் படத்தை, தன் மிளகுக்குத் தான் சொல்கிற விலையை அனுப்ப முடிகிறதா என்பதை வைத்துத்தான் இந்த வலையை மதிப்பிட முடியும். அடுத்த கிராமசபையில் இந்தக் கேள்வியை யாராவது கேட்டால், கிடைத்த பதிலை இதே பக்கங்களில் எழுதுங்கள்.